தன் கட்டிலைக் கொடுத்தவள்



நமதாண்டவராகிய சேசுநாதர் சுவாமி சிலுவையில் தொங்கின வேளையில் வெகு சில வார்த்தைகளையே திருவுளம்பற்றினார். மூச்சு விடுவதே வேதனையாயிருந்த அந்நேரத்தில் ஒவ்வொரு வார்த்தைக்கும் விலை அதிகம். அப்படியிருந்தும் அவற்றில் ஒன்றை ஒரு குடும்பக் காரியத்துக்காகச் செலவிட்டார். தமக்குப் பின் தம்முடைய தாயார் யாருடைய வீட்டில் இருப்பது, யார் அவர்களை வைத்துப் பராமரிப்பது என்பதே அந்தக் காரியம். தேவமாதாவை அர்ச். அருளப்பர் கையில் ஒப்புவித்தார். அருளப்பரும் யோசித்துச் சொல்லுகிறேன் என்று தவணை கேட்கவில்லை. அப்பொழுதிருந்தே அவர்களைத் தம் வீட்டில் சேர்த்துக்கொண்டார்.

உலகம் முழுவதின் இரட்சணியம் ஒரு பக்கம், ஒரு தாயார் தங்க ஓர் இடம் மறுபக்கம். இரண்டையும் சேசுநாதர் ஒரே சிலுவையின்மேல் இருந்து கவனித்தார். ஆகையால் வயதான தாய்தகப்பனைப் பராமரிப்பது வீட்டுச் சில்லறை வேலை, அதற்கும் ஞான ஜீவியத்துக்கும் சம்பந்தமில்லை என்று ஒருவரும் எண்ண வேண்டாம்.

இந்தக் காலத்தில் இதைப் பற்றிப் பேசவேண்டிய அவசியம் மிகுந்திருக்கிறது. 2011-ம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நம் தேசத்தில் அறுபது வயதும் அதற்கு மேலுமான முதியோர் 10 கோடிக்கு அதிகம். பிள்ளைகள் பிழைப்பைத் தேடித் தூர ஊர்களுக்கும் அயல் தேசங்களுக்கும் போய்விடுகிறார்கள். முன்னே அபூர்வமாயிருந்த முதியோர் இல்லங்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நம்மவர்களுக்குள் இருவகை எண்ணம் உண்டு. சிலர் அங்கே அனுப்புவதே மகா பாவம், குடும்பத்துக்கு அவமானம் என்கிறார்கள். வேறு சிலர் பணத்தைக் கட்டிவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்கிறார்கள். இவ்விரண்டில் எது சரியென்று தர்க்கம் செய்வதைவிட, கிறிஸ்தவ முதியோர் இல்லம் என்பது எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் நமக்கு வெளிச்சம் கிடைக்கும்.

பிரான்ஸ் தேசத்தின் வடமேற்கில் பிரித்தானி என்னும் கடலோர நாடு இருக்கிறது. அங்கே கன்கால் என்ற மீன்பிடி ஊரில் 1792-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி ழான் ஜுகான் என்னும் பெண் பிறந்தாள். அவள் தகப்பன் கடலுக்குப் போனவன், திரும்பி வரவில்லை. அப்போது அவளுக்கு நான்கு வயதும் நிறையவில்லை. நம் கடற்கரைப் பங்குகளில் உள்ளவர்களுக்கு அந்தத் துக்கத்தை விவரிக்க வேண்டியதில்லை. ழான் சிறு வயதிலேயே ஒரு பெரிய வீட்டின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். பின்பு சான் செர்வான் என்னும் பட்டணத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தாள். அதன்பின் அநேக வருஷம் ஒரு பக்தியுள்ள சீமாட்டியின் வீட்டில் ஊழியம் செய்தாள். ஆக, ஆஸ்தியோ பெரிய படிப்போ இல்லாத ஒரு வேலைக்காரி.

அந்தப் பட்டணத்தில் கடலில் புருஷனைப் பறிகொடுத்த விதவைகள் ஏராளம். வயது போய், கைகால் விழுந்தபின் அவர்களுக்குப் பிச்சையைத் தவிர வேறு வழியில்லை. 1839-ம் ஆண்டு குளிர்காலத்தில், அப்படிப்பட்ட ஒரு கிழவி, கண் தெரியாதவள், பக்கவாதத்தால் பாதி உடம்பு செயலற்றவள், பார்ப்பாரற்றுக் கிடப்பதை ழான் அறிந்தாள். ழானுக்கு அப்போது வயது 47. ஒரு தோழியோடு சிறு வாடகை வீட்டில் குடியிருந்தாள். அந்தக் கிழவியை வீட்டுக்குக் கொண்டுவந்து, கையிலே தூக்கி மாடிப்படி ஏறி, தன் சொந்தக் கட்டிலில் படுக்க வைத்தாள். தான் மேல்பரணில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பிரியமானவர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். ழான் கொடுத்தது எது? வீட்டில் மிஞ்சிக் கிடந்த கட்டிலையல்ல. தான் படுத்திருந்த கட்டிலைக் கொடுத்தாள். மிஞ்சினதைக் கொடுப்பதும் தர்மந்தான், அதற்கும் சர்வேசுரன் பலனளிப்பார். ஆனால் தனக்குரிய இடத்தை விட்டுக் கொடுப்பதே சிநேகம். இன்றைக்கு உலகத்தின் பல தேசங்களில் முதியோருக்குப் பணிவிடை செய்துவரும் ஏழைகளின் சிறு சகோதரிகள் என்னும் கன்னியர் சபை அந்த ஒரு கட்டிலிலிருந்து முளைத்தது.

முதல் கிழவிக்குப்பின் இரண்டாமவள் வந்தாள். 1841-ல் கொஞ்சம் பெரிய வீடாக வாடகைக்கு எடுத்தார்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். அடுத்த வருஷமே பழைய கன்னியர் மடம் ஒன்றை வாங்கவேண்டியதாயிற்று. இத்தனை பேருக்கும் சோறு எங்கிருந்து? அந்தக் கிழவிகளில் பலர் தெருத்தெருவாய்ப் பிச்சையெடுத்துப் பிழைத்தவர்கள். மறுபடியும் அவர்களை வெயிலிலும் மழையிலும் அனுப்ப ழானுக்கு மனம் வரவில்லை. அவர்கள் வழக்கமாய்ப் போகிற வீடுகள் எவை என்று கேட்டுக்கொண்டு, கையில் ஒரு கூடையை எடுத்து, அவர்களுக்குப் பதிலாகத் தானே அந்த வாசல்களில் போய் நின்றாள். முதலில் கட்டிலைக் கொடுத்தவள், இப்போது அவர்களுடைய வெட்கத்தையும் தன்மேல் வாங்கிக்கொண்டாள். ஒருமுறை ஒரு மனிதன் கோபத்தில் அவளை அறைந்தான் என்றும், இது எனக்கு ஆயிற்று, இனி என் ஏழைகளுக்கு ஏதாவது கொடும் என்று அவள் சாந்தமாய்க் கேட்டாள் என்றும் அவள் சரித்திரத்தில் சொல்லுகிறார்கள். 1845-ல் பிரெஞ்சு அக்காதெமி என்னும் பெரிய வித்வத்சபை அவளுக்கு 3000 பிராங்க் பரிசளித்தது. அந்தப் பணமும் கிழவர்களுடைய வீட்டுக்கே போயிற்று.

இப்படிப்பட்ட இல்லத்தின் ஜீவியம் எப்படியிருக்கிறது? நம் தேசத்திலும் இந்தக் கன்னியர் 1882-ல் கல்கத்தாவுக்கு வந்து வேலையைத் தொடங்கினார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் அவர்களுக்கு இல்லங்கள் உண்டு. மற்றத் துறவிகளைப் போல் தரித்திரம், கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளோடு, விருந்தோம்பல் என்னும் நான்காவது வார்த்தைப்பாட்டையும் இவர்கள் கொடுக்கிறார்கள். நம் தமிழருக்கு இந்த வார்த்தையின் அருமை தெரியும். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் நாம் எப்போது புறப்படுகிறீர் என்று கேட்பதில்லை. இலையில் அவருக்குப் பரிமாறின பிறகே நாம் உட்காருகிறோம். அந்த மரியாதையை ஆதரவற்ற கிழவனுக்கும் கிழவிக்கும் ஆயுள் முழுவதும் செய்வேன் என்று சர்வேசுரனுக்கு வாக்குக் கொடுப்பதே அந்த நான்காம் வார்த்தைப்பாடு.

நல்ல இல்லத்தில் முதியோரைக் கும்பலாக நடத்துவதில்லை. ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. இவர் தச்சுவேலை செய்தவர், அவர் பள்ளிக்கூடத்து வாத்தியார், இந்த அம்மாள் ஏழு பிள்ளை பெற்று மூன்றைப் பறிகொடுத்தவர் என்று பணிவிடைக்காரர் அறிந்திருக்கிறார்கள். பெயரைச் சொல்லி ஐயா என்றும் அம்மா என்றும் கூப்பிடும்போது, மறந்துபோன தன் மதிப்பை ஒரு முதியவர் மறுபடி நினைவுகூருகிறார்.

அங்கே கூடியமட்டும் ஒரே மேசையில் சாப்பாடு. கை நடுங்குகிறவருக்கு ஊட்டுகிறவள் அவசரப்படுவதில்லை. படுத்தபடி ஊட்டினால் புரையேறும் என்று அறிந்து, நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு வாய் விழுங்கினதைப் பார்த்தபின் அடுத்த வாய் கொடுக்கிறாள். எழுந்திருக்க முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கிறாள். இல்லாவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடும். மறதிநோய் கண்டவர், இறந்துபோன தன் தாயைத் தேடி அழும்போது, உன் தாய் செத்து எத்தனையோ வருஷமாயிற்று என்று அதட்டுவதில்லை. அப்படிச் சொன்னால் அந்தத் துக்கம் அவருக்கு அன்றைக்கே நேர்ந்ததுபோல் இருக்கும். அருகில் உட்கார்ந்து, உம் தாயாரைப் பற்றிச் சொல்லும் என்று கேட்கிறாள். இவையெல்லாம் சின்னக் காரியங்கள். ஆனால் பசித்தவருக்கு உணவும் நோயாளிக்கு ஆறுதலும் தந்ததைத் தமக்கே செய்ததாக நமதாண்டவர் கணக்கு வைத்திருக்கிறாரே, அந்தக் கணக்கு இவற்றால்தான் நிரம்புகிறது.

அங்கே முதியோரும் சும்மா இருப்பதில்லை. ழானுடைய முதல் வீட்டிலேயே கூடின கிழவிகள் நூல் நூற்றும், துணி தைத்தும் குடும்பத்துக்கு உதவினார்கள். இன்றைக்கும் ஒருவர் கீரை ஆய்கிறார், ஒருவர் கோவிலுக்குப் பூக் கட்டுகிறார், கண் நன்றாயிருப்பவர் கண் மங்கினவருக்கு ஞானவாசகம் வாசிக்கிறார். ஒன்றும் செய்ய முடியாதவர் செபமாலை சொல்லுகிறார். தன்னால் யாருக்கும் பிரயோசனமில்லை என்ற எண்ணம் முதுமையில் வருகிற எந்த வியாதியைவிடவும் கொடியது. அதற்குரிய மருந்து, செய்யக்கூடிய ஒரு சிறு வேலையும், அதற்கு ஒரு நன்றி வார்த்தையுமே.

கடைசியாக, மரணவேளை. ஏழைகளின் சிறு சகோதரிகளுடைய இல்லத்தில் ஒருவர் இறக்குந் தறுவாயில் இருந்தால், கன்னியர் முறைவைத்து இரவும் பகலும் அருகிலிருந்து செபிக்கிறார்கள். தனியாய்ப் பிறந்தவர் ஒருவருமில்லை. பிறக்கும்போது ஒரு தாய் கூட இருந்தாள். இறக்கும்போதும் ஒரு கை நம் கையைப் பிடித்திருக்கவேண்டும் அல்லவா?

ஆனால் ழான் ஜுகான் சரித்திரத்தில் இன்னுமொரு பாகம் உண்டு. நமக்கு மிகவும் தேவையானது அதுவே. 1843-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சகோதரிகள் அவளைத் தலைவியாக மறுபடியும் தெரிந்துகொண்டார்கள். சில நாட்களுக்குள் சபையை நடத்திவந்த குருவானவர் அந்தத் தேர்தலைத் தள்ளிவிட்டு, இளவயதான வேறொரு சகோதரியைத் தலைவியாக்கினார். 1852-ல் ழானை வெளிவேலையிலிருந்தும் விலக்கித் தாய்மடத்துக்கு அழைத்துவிட்டார். அது முதல் சாகும்வரை 27 வருஷம், மடத்தில் ஒரு மூலையில், நவகன்னியர் நடுவே ஒரு சாதாரணக் கிழவியாக இருந்தாள். சபையை ஆரம்பித்தவள் இவளே என்பது கூட அந்த இளம் பெண்களில் அநேகருக்குத் தெரியாது. வேறொருவர் பெயரே சொல்லப்பட்டது.

பிரியமானவர்களே, கட்டிய வீட்டில் தானே மூலைக்குத் தள்ளப்படுவது எப்படிப்பட்டது என்று உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். உழைத்துச் சேர்த்தது நாம், இன்றைக்குச் சாவி வேறொருவர் இடுப்பில். ழான் அந்தக் கசப்பை அறிந்தாள். ஆனாலும் முறுமுறுத்தாளில்லை. பார்வை மங்கி, கோலூன்றி நடந்தவள், நவகன்னியருக்குச் செபிக்கவும் ஏழைகளை நேசிக்கவும் சொல்லிக் கொடுத்தாள். சபைக்கு நிலையான வருமானம் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி 1865-ல் எழுந்தபோது, அவளையும் அழைத்து யோசனை கேட்டார்கள். வேண்டாம், சர்வேசுரனுடைய பராமரிப்பையே நம்பியிருப்போம் என்ற பக்கமே அவள் நின்றாள். அப்படியே தீர்மானமாயிற்று. மூலையிலிருந்த கிழவியின் வாய்ச்சொல் சபையின் அஸ்திவாரத்தில் ஒரு கல்லாயிற்று.

1879-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி, தன் 86-ம் வயதில் அவள் மரித்தபோது, ஏறக்குறைய 2400 சகோதரிகள் இருந்தார்கள். அவளுக்குரிய பெருமை அவள் இறந்த பிறகே வெளிப்பட்டது. பாப்பரசர் 2-ம் அருள் சின்னப்பர் 1982-ல் அவளுக்கு முத்திப்பேறு பட்டமும், பாப்பரசர் 16-ம் ஆசீர்வாதப்பர் 2009-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி அர்ச்சியசிஷ்டவள் என்ற பட்டமும் அளித்தார்கள்.

இனி நம் காரியத்துக்கு வருவோம்.

பிள்ளைகளே, முதலாவது உங்களுக்கு. தாய்தகப்பனுக்குக் கொடுக்கவேண்டியதைத் தேவாலயத்துக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்ட பரிசேயர்களை நமதாண்டவர் கண்டித்ததை அர்ச். மாற்கு எழுதியிருக்கிறார். அந்தத் தந்திரம் நம்மிடத்தில் இல்லையா? உயிரோடிருந்தபோது ஒரு வேளை உட்கார்ந்து பேசாத மகன், இறந்தபிறகு ஊர் மெச்ச அடக்கம் செய்கிறான். கல்லறைக்குச் சலவைக்கல் போடுகிறான். நவம்பர் 2-ந் தேதி கூடை நிறையப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோகிறான். மரித்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பது மிகவும் நல்லது, அதை விடவேண்டாம். ஆனால் அந்தப் பூவில் ஒரு முழத்தை, அவள் தலையில் வைத்துக்கொள்ளக் கூடிய காலத்தில் கொடுத்திருக்கலாமே! நாம் வீட்டு முதியோருக்குக் கொடுப்பதைச் சோதித்துப் பாருங்கள். எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சின சோறு, ஒருவருக்கும் வேண்டாத அறை, எல்லா வேலையும் முடிந்து மிஞ்சின நேரம். ழான் கொடுத்த கட்டில் எங்கே, நாம் கொடுக்கும் மிச்சம் எங்கே?

இரண்டாவது, சகோதர சகோதரிகளுக்கு. நாலு பிள்ளை உள்ள வீட்டில் தாயின் பாரம் முழுவதும் ஒரு மருமகள்மேல், அல்லது கலியாணமாகாத ஒரு மகள்மேல் விழுகிறது. மற்ற மூவரும் திருநாளுக்கு வந்து, அம்மா மெலிந்துபோனாளே என்று குற்றம் சொல்லிப் போகிறார்கள். இது நீதியல்ல. இரவில் பலமுறை எழுந்து பார்க்கிறவளுக்கும் தூக்கம் வேண்டும். பணம் அனுப்புகிறவர் பணத்தோடு வருஷத்தில் சில வாரமாவது தம் உடம்பையும் கொண்டுவந்து, அவளை ஓய்வெடுக்க விடட்டும். கன்னியர்கூட முறைவைத்தே பணிவிடை செய்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, பெற்றோரை இல்லத்தில் சேர்த்திருப்பவர்களுக்கு. வீட்டில் ஆளில்லாமலோ, வியாதியின் கடுமையாலோ, முதியவர் மனதாரச் சம்மதித்து அங்கே போயிருந்தால், நீங்கள் பாவம் செய்தவர்களைப்போல் தலைகுனிய வேண்டியதில்லை. சேர்ப்பது வேறு, கைவிடுவது வேறு. 2007-ம் ஆண்டில் நம் தேசத்தில் ஏற்பட்ட சட்டம், பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகள்மேல் சுமத்தியிருக்கிறது. ஜீவனாம்சத்தைச் சட்டம் வாங்கித் தரும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்க்கு மகனுடைய முகத்தை எந்தச் சட்டம் வாங்கித் தரும்? போங்கள். போகும்போது பேரப்பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். வருகிறேன் என்று சொன்ன நாளில் தவறாமல் போங்கள்.

நான்காவது, முதியவர்களே, உங்களுக்கு. உங்களுடைய வேலை முடிந்துவிடவில்லை. ழான் மூலையிலிருந்த 27 வருஷமும் வீணல்ல. மருமகள் செய்கிற சிறு உதவிக்கும் நன்றி சொல்லுங்கள். பழைய மனத்தாங்கல்களை இப்போதே மன்னித்துவிடுங்கள். உயிர் உள்ளபோதே சமாதானம் செய்வது பிள்ளைகளுக்கு நீங்கள் எழுதிவைக்கும் மேலான ஆஸ்தி.

ஐந்தாவது, எல்லாருக்கும் ஒரு அவசரமான வார்த்தை. முன்னே அவஸ்தைப்பூசுதல் என்றும், இப்போது நோயில்பூசுதல் என்றும் சொல்லப்படும் தேவதிரவிய அனுமானம், மூச்சு அடங்கும் வேளைக்கு மாத்திரம் உரியதல்ல. கடின நோயில் விழுந்தவர்களும் முதுமையால் மிகவும் பலவீனமானவர்களும் அதைப் பெறலாம். குருவானவரைக் கண்டால் நோயாளி பயந்துபோவார் என்று தாமதிக்காதேயுங்கள். நல்ல புத்தியோடு, பாவசங்கீர்த்தனம் செய்து, தேவநற்கருணை உட்கொண்டு பூசுதல் பெறுகிறவருக்கு எத்தனை தைரியம் உண்டாகிறதென்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கோவிலுக்கு வரமுடியாத முதியோர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால் பங்குசுவாமியாருக்குத் தெரிவியுங்கள். அவர்கள் மதம் எதுவானாலும், தனியாயிருக்கும் அயல்வீட்டு முதியோருக்கு ஒரு பாத்திரம் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பாப்பரசர் பிரான்சிஸ் 2021-ம் ஆண்டிலே, ஜூலை மாதத்து நான்காம் ஞாயிற்றுக்கிழமையைப் பாட்டன் பாட்டிகளுக்கும் முதியோருக்கும் உரிய நாளாக ஏற்படுத்தினார். சேசுநாதருடைய பாட்டனும் பாட்டியுமான அர்ச். சுவக்கீன், அர்ச். அன்னம்மாள் திருநாளையொட்டி அது வருகிறது. ஆனால் அந்த ஞாயிறு வருமட்டும் காத்திருக்கத் தேவையில்லை. இந்த வாரத்திற்குள் ஒவ்வொரு குடும்பமும் ஒரே ஒரு காரியத்தைச் செய்யட்டும். வீட்டிலுள்ள முதியவருக்கு உங்கள் மிச்சத்திலிருந்தல்ல, உங்களுடையதிலிருந்து ஒன்றைக் கொடுங்கள். காற்றோட்டமான அறையானால் அதைக் கொடுங்கள். இராச்சாப்பாட்டு வேளையில் முதல் பரிமாறலைக் கொடுங்கள். அதுவும் முடியாதவர், கையிலுள்ள தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு அரைமணி நேரம் அருகே உட்கார்ந்து, நூறுமுறை கேட்ட கதையை நூற்றோராம் முறையும் கேளுங்கள். ஒருவர் தன் கட்டிலைக் கொடுத்ததினால் சர்வேசுரன் எத்தனை வீடுகளை எழுப்பினார் என்று கண்டோம். உங்கள் வீட்டில் அவர் என்ன செய்வார் என்பதை நீங்களே காண்பீர்கள்.

சிலுவையடியில் நின்ற வியாகுலமாதா நம் வீட்டுத் தாய்மாரைக் காப்பார்களாக. சேசுநாதருடையவும் மரியம்மாளுடையவும் மடியில் மரித்த அர்ச். சூசையப்பர், நம் முதியோருக்கும், ஒரு நாள் முதியோராகப் போகிற நமக்கும் பாக்கியமான மரணத்தைப் பெற்றுத் தருவாராக.

ஆமென்.